விவாகரத்து மனுவில் கையெழுத்து போடும் முன்... நகை, லோன், ஜீவனாம்சம் கணக்கு முடிஞ்சதா?

கல்யாணம் திருவண்ணாமலையில், குடித்தனம் சென்னையில். பிரிந்தபின் மனைவி அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டார். கேஸுக்காக சென்னைக்கு அலையணுமா? வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவில் 2003-ல் வந்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

பரஸ்பர சம்மதம் என்றால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். இதை நீதிமன்றம் தளர்த்தலாம் என 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், 'சீக்கிரம் முடிஞ்சா போதும்' என்று பணக் கணக்கை விட்டுவிடக் கூடாது.

நகை: கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை, அவருடைய சீதனம். கணவர் வீட்டு பீரோவில் இருந்தாலும் அவருக்கே சொந்தம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பில், கல்யாண போட்டோ பத்திரம்.

ஜீவனாம்சம்: ரஜ்னேஷ் - நேஹா வழக்கின் 2020 தீர்ப்புப்படி, இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சம், மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு.

வீட்டு லோன்: இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். இருவர் பெயரில் லோன் இருந்தால், விவாகரத்து கிடைத்தாலும் வங்கிக்கு இருவருமே பொறுப்பு. ஒருவர் இஎம்ஐ கட்டாவிட்டால் இருவரின் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். யார் கட்டுவது என மனுவிலேயே எழுதுங்கள். கூடவே, லோனிலிருந்து பெயரை நீக்க வங்கியின் எழுத்துபூர்வ சம்மதமும் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நாமினியையும் மாற்ற மறக்காதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண்: 15100.