எழுபத்தைந்து கிலோ இழுக்கும் கழுத்து

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறினால் வெளிநாட்டுச் சனத்தால் குறிகட்டுவான் இறங்குதுறை நிரம்பிவிடும். அப்படி ஒரு வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன், தன் கையால் செய்த பேஸ் கிற்றார் ஒன்றை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். சோளகம் ஓய்ந்து மாரி பிடித்தது. கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் கம்பிகள் மெட்டுகளைவிட்டு மேலே நின்றன. அழுத்த விரல் நொந்தது. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மெல்லிய வில்லாக வளைந்திருந்தது.

மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். சூடேற்றிய கனடா வீட்டில், குளிர்காலத்தில் காற்றின் ஈரப்பதன் 30 சதவீதமாக இருந்தால், மரத்தில் தங்கும் ஈரம் அதன் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். கடல் சூழ்ந்த நயினாதீவின் மாரியில் காற்றின் ஈரப்பதன் 80ஐத் தொட்டால் அது 16 ஆகிவிடும். ஈரம் ஏறிய மரத்தில் விறைப்புக் குறையும். ஓயாமல் இழுபட்டால் கொஞ்சங் கொஞ்சமாக வளைந்துகொடுக்கும்.

இழுப்பும் சாதாரணமானதல்ல. பேஸ் கிற்றாரில் கம்பியின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். மிகத் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிர வேண்டும். அதற்காக முறுக்கும்போது நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோவுக்கு இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் கழுத்தின் நுனியைப் பிடித்து இரவு பகலாகத் தொங்குவதுபோல.

எங்கள் வீணையைச் செய்பவர்கள் இதே தொல்லையை வேறு வழியில் தீர்த்தார்கள். பலா மரத்தைக் குடைந்து செய்த தண்டியின் மேல், மெழுகில் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். காலப்போக்கில் மரம் அசைந்து சுருதி பிசகினால், மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி அமைப்பார்கள். ‘மேளம் கட்டுவது’ என்பார்கள். மரம் போன பக்கம் மெட்டும் போகிறது. கிற்றாரில் மெட்டு மரத்துக்குள் அறைந்து இறுக்கப்பட்டது, அது நகராது. அங்கே மரத்தைத்தான் அடக்க வேண்டும். அதற்காகக் கழுத்துக்குள் ஒளிந்திருப்பது ஓர் உருக்குக் கம்பி. கிப்சன் நிறுவனத்தின் தடேயஸ் மக்ஹியூ 1923இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முனையிலுள்ள நட்டை இறுக்கினால், இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகக் கழுத்தை வளைக்கும்.

உள்ளே உருக்குக் கம்பி இருக்கிறதே என்று கழுத்தை மெலிதாக்கவும் முடியாது. விறைப்பு, தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு போகிறது. 22 மில்லிமீற்றர்க் கழுத்தை 20 ஆக்கினால் கால்வாசி விறைப்புப் போய்விடும். ஆகவே கழுத்தின் பின்பக்க வளைவை ஒரேயடியாகச் செதுக்குவதில்லை. சதுரக் கட்டையின் விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, அதனால் வந்த புது விளிம்புகளையும் சீவி, பட்டைகள் பெருகப் பெருகத்தான் அரமும் அரத்தாளும். பாய்மரம் சீவுகிறவர்களும் சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, இப்படியேதான் உருட்டுவார்கள்.

பிறகு இணைப்பு. லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்கு விட்ட பிரசிஷன் பேஸில் கழுத்தை உடலின் குழிக்குள் வைத்து நான்கு திருகாணிகளால் பூட்டினார். எளிமை, ஆனால் ஒரு நுட்பம் உண்டு. திருகாணியின் புரி கழுத்தை மட்டுமே கவ்வ வேண்டும். உடலிலுள்ள துளை சற்றுத் தாராளமாக இருக்க வேண்டும். இரண்டையும் கவ்வினால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் கடதாசி நுழையும் இடைவெளி நின்றுவிடும். கோணமும் அப்படித்தான். 75 மில்லிமீற்றர்க் குழியின் உட்கோடியில் அரை மில்லிமீற்றர்த் தகடு வைத்தாலே, கம்பி ஏறி நிற்கும் பாலத்தை 2 மில்லிமீற்றருக்கும் மேல் உயர்த்த வேண்டியிருக்கும்.

1957இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000 என்ற பேஸ், கழுத்தையும் உடலின் நடுப்பகுதியையும் ஒரே நீட்டாக்கியது. அன்றிலிருந்து எது சிறந்தது என்று வாத்தியக்காரர் வாதாடுகிறார்கள். ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையா, குடமும் தண்டியும் சேர்த்த ஒட்டு வீணையா என்ற பழைய சண்டையேதான்! இடைவெளி இல்லாமல் பொருந்திய ஒட்டு, கவனமில்லாத ஒற்றைக் கட்டையைவிட மேல் என்பது என் கட்சி.

எந்த இணைப்பானாலும் தப்பாத ஒரு சங்கதியும் உண்டு. கழுத்துக்கும் தனக்கென ஓர் அதிர்வு இருக்கிறது. ஒரு சுரம் அதோடு ஒத்துப்போனால், கம்பியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிவிடும். சுரம் எழுந்தவுடனேயே செத்துவிடும். பல பேஸ்களில் மெல்லிய கம்பியின் ஐந்தாவது மெட்டிலிருந்து ஏழாவது வரை இந்த இடம் வரும். கழுத்தின் தலையில் சிறு கவ்வியொன்றைப் பூட்டி எடை கூட்டினால் அந்த இடம் நகரும், ஒழியாது.

கழுத்து வளைந்ததை மருமகனுக்கு அழைத்துச் சொன்னேன். சிரித்தான். “மாமா, கால் சுத்துக்கு மேல இறுக்காதேங்கோ. ஒரு நாள் விட்டுப் பாருங்கோ. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடிச்சா, நடுவில விசிட்டிங் கார்ட் ஒண்டு போகவேணும்.” இரண்டு நாள், இரண்டு கால் சுற்று. கார்ட் இறுக்கமாக நுழைந்தது. பங்குனியில் காற்றுக் காய்ந்ததும் அதே நட்டை மறுபக்கம் திருப்ப வேண்டி வந்தது.