சாவடிக் காவலரின் கைகள்

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டினால் வயநாடு. கோழிக்கோட்டில் 2018-இலும் மறுபடி 2023-இலும் நிபா தலைகாட்டியபோது, நீலகிரியின் எல்லைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். சுகாதாரத் துறையினரோடு போலீசாரும் நின்றார்கள். நோயாளியின் எச்சில், ரத்தம் வழியே பரவும் நிபாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை.

நிபா எப்போதோ வருவது. மலைப்பாதை விபத்தில் அடிபட்டவரைத் தூக்குவதும், யானை தாக்கி இறந்தவரின் உடலைப் பிரேத விசாரணைக்காகப் புரட்டிப் பார்ப்பதும், பிடிபட்டவரின் சட்டைப்பையைத் துழாவுவதும் போலீஸ்காரருக்கு வழக்கமான வேலை. அந்தப் பையில் ஊசி இருந்தால்?

எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. அந்தக் கிருமியுள்ள ரத்தம் ஒட்டிய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 தான். ஹெபடைடிஸ் பி-யோ, தடுப்பூசி போடாதவர்களுக்கு நூற்றில் 6 முதல் 30 வரை.

மருத்துவமனைகளில் பார்க்கும் நீலநிற நைட்ரைல் கையுறை ரத்தம் தோலில் படாமல் காக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களும் அதை அணியலாம். ஆனால் ஊசி அதைத் துளைத்துவிடும். 1965-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லர் இழை கத்தி வெட்டைத் தாங்கும். மெல்லிய ஊசியோ அதன் நெசவின் இடுக்கில் நுழைந்துவிடும். ஊசியைத் தாங்கவென்றே செய்த தடித்த கையுறைகள் தனியாக உண்டு. சோதனையின்போது நைட்ரைலை உள்ளேயும் தடித்ததை மேலேயும் போடுவது நல்லது. அப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை விடக் கூடாது. முதலில் ஆளிடம் கேட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, பையை வெளிப்புறமாக உருவ வேண்டும்.

கழற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரத்தம் பட்ட கையுறையோடு வாக்கி டாக்கியை எடுத்தால் கிருமி அதில் ஏறி, அடுத்த ஷிப்டுக்காரர் கைக்குப் போகும். மணிக்கட்டருகே வெளிப்பக்கத்தைப் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி ஒன்றை உரித்து, வெறும் விரலை மற்றதன் உள்ளே நுழைத்து அதையும் உரிக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ வேண்டாம். ஓடும் நீரில் சோப்பால் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. இரவுப் பணியில் இருப்பவர் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆள் மாற்றி அனுப்புவது நிலைய அதிகாரியின் பொறுப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை, ஆறு மாதத்தில் மூன்று தவணையாக, பயிற்சிக் காலத்திலேயே ஒவ்வொரு காவலருக்கும் போடத் தொடங்கிவிட வேண்டும்.