கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பாம்பு... நிஜமாகவே பசிக்கிறதா? - கார்ட்டர் பாம்பின் சாப்பாட்டுக் கணக்கு!

பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றிப் பழகியவர்கள் நாம். ஆனால், பால் எந்தப் பாம்புக்கும் உணவு கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்ப்பவர்கள் கொடுப்பதெல்லாம் மண்புழு, மீன், சுண்டெலிதான். அங்கே பலருடைய முதல் பாம்பு, 'கார்ட்டர் பாம்பு'. உடல் நெடுக மஞ்சள் கோடுகள், இரண்டு மூன்று அடி நீளம், மனிதர்களுக்குப் பெரிய ஆபத்தில்லாத சாது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டைக்கு ஆங்கிலத்தில் கார்ட்டர் என்று பெயர். கோடுகளைப் பார்த்து வந்த பெயர் இது.

மலைப்பாம்பு வகைகளைப்போல ஒரு எலியை விழுங்கிவிட்டு இரண்டு வாரம் சுருண்டு கிடக்கும் ரகமல்ல இது. பகலில் சுறுசுறுப்பாகத் திரியும். சாப்பிட்டதும் சீக்கிரம் செரித்துவிடும். மண்புழு, மீன் போன்ற உணவென்றால், வளர்ந்த பாம்புக்கு வாரத்துக்கு இரண்டு முறை கொடுப்பார்கள். எலி என்றால் வாரத்துக்கு ஒரு முறை போதும். பிறந்த குட்டிகளோ பென்சிலைவிட ஒல்லி. இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டிதான் போடும். குட்டிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மண்புழுவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

'எவ்வளவு' என்பதற்குத் தராசு தேவையில்லை. பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எதுவோ, அதைவிடத் தடிமனான இரை கூடாது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கவும் கூடாது. எடுத்தால் கக்கிவிடும்.

சரி, பசியை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வளர்ப்பவர் அறைக்குள் நுழைந்தாலே கார்ட்டர் பாம்பு கண்ணாடிப் பக்கம் ஓடி வந்து தலையைத் தூக்கும். 'ஐயோ பாவம்' என்று தினமும் ஒரு புழுவைப் போட்டால், சில மாதங்களில் செதில்களுக்கு நடுவே தோல் தெரியும் அளவுக்குக் கொழுத்துவிடும். முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தால் மட்டுமே சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கமீனை வாங்கிப் போடுவது. தங்கமீனின் உடலில் 'தயமினேஸ்' என்ற நொதி இருக்கிறது. வைட்டமின் பி1 சத்தை அது சிதைத்துவிடும். தொடர்ந்து அதையே தின்னும் பாம்புக்கு முதலில் தலை ஆடும், உடல் முறுக்கும், புரட்டிப் போட்டால் நிமிரத் தெரியாது. அடுத்தது வலிப்பு, மரணம். ஃப்ரீசரில் வைத்தாலும் இந்த நொதி அழியாது. ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் போனால், பி1 ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்புண்டு. கப்பி, சால்மன், டிரவுட் மீன்களில் இந்தத் தொல்லை இல்லை. உரக்குழியில் விடும் சிவப்புப் புழுவும் வேண்டாம். அதன் உடலில் ஊறும் திரவம் பாம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மீன் துண்டும் புழுவும் மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறைந்துபோகும். அதனால்தான் ஃப்ரீசரில் வைத்து விற்கும், முடி முளைக்காத எலிக்குஞ்சை உறைநிலை போக்கிக் கொடுக்கிறார்கள். எலும்போடு முழுதாக உள்ளே போகிற உணவு அது. சில பாம்புகள் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்போது அதன்மேல் மண்புழுவைத் தேய்ப்பது பழைய தந்திரம். வாசனையில் மயங்கி விழுங்கிவிடும்!

ஒரே தொட்டியில் இரண்டு பாம்பு இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் பிரித்துவிட வேண்டும். ஒரே புழுவின் இரு முனைகளையும் இரண்டும் கவ்விவிட்டால், பெரியது சின்னதையும் சேர்த்தே விழுங்கப் பார்க்கும்.

நம் ஊர்க் குளத்து நீர்க்கோலி, கார்ட்டர் பாம்புக்குத் தூரத்துச் சொந்தம்தான். அதற்காக அதைப் பிடித்து வந்து வளர்க்க ஆசைப்பட வேண்டாம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

சட்டை உரிக்கும் முன் கண் மங்கலாகும் நாள்களில் பாம்பு சாப்பிடாவிட்டால் கவலை இல்லை. வசந்த காலத்தில் ஆண் பாம்புகள் சாப்பாட்டையே மறந்துவிடுவதும் வழக்கம். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் குளிர்காலத்தைக் கழித்த பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் அந்தப் பருவத்தில்தான் வெளியே வருகின்றன. வந்ததும் ஆண் பாம்புகள் தேடுவது இரையை அல்ல, ஜோடியை. வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஆண் பாம்பும் அந்த நாள்களில் சில வாரம் பட்டினி கிடக்கலாம். வாராவாரம் எடை பார்த்து, மளமளவென்று குறைந்தால் மட்டும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும்.