பாஸ் மார்க்கும் மாத்திரைச் சீட்டும்

"டீச்சரம்மா, எனக்கு டாக்டரு நூத்தி ஒண்ணு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரே, அத்தனையுமா முழுங்கணும்?"

புவனகிரியில் எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டுவரும் அக்கா, போன வருஷம் ஒருநாள் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப் போயிற்று. அதில் 1-0-1 என்று எழுதியிருந்தது. காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று. அந்த அக்கா நடுவிலிருந்த கோட்டை விட்டுவிட்டு 101 என்று சரியாகத்தான் படித்திருக்கிறாள். படிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!

அதுவரை மாத்திரைகளை எப்படிச் சாப்பிட்டாய் என்று விசாரித்தேன். "வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரியில. இந்த மாசம் ரெண்டுமே வெள்ளையா வந்துடிச்சும்மா" என்றாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

சகோதரிகளே, பத்தாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள் நான். முதியோர் கல்விக்குத் தன்னார்வலர் தேவை என்று சொன்னார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகி விட்டார்கள், சாயந்திரம் சும்மாதானே இருக்கிறோம் என்று போனேன். சம்பளம் கிடையாது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இது, 2027 வரைக்கும். 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. முடிவில் ஒரு தேர்வு உண்டு. படித்தல் 50, எழுதுதல் 50, எண்ணறிவு 50, ஆக 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ்.

"கிழவிகளுக்குப் பரீட்சை எதற்கு?" என்று எங்கள் வீட்டிலேயே கேலி செய்தார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. கொஞ்சம் விசாரித்துப் பார்த்ததில், அது அவ்வளவு வேடிக்கையான விஷயமல்ல என்று புரிந்தது.

அளவுகோல் எதற்கு?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழகத்தில் பரவியபோது நான் சிறுமி. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளியோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆயாவும் தெருவிளக்கின் கீழே சிலேட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்! ஆனால் அதற்கு மேல் ஆயா ஒரு வரி படித்ததில்லை. கையெழுத்துப் போடுகிறாள் என்பதால், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போட்டுவிடுவாள். கைநாட்டு வைத்த காலத்திலாவது, "என்னா எழுதியிருக்கு, படிச்சுக் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கையெழுத்தோடு படிப்பு நின்றுவிடக் கூடாது என்றுதான் அளவுகோல் வைத்தார்கள். 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் இதைத் தெளிவாக வகுத்தது. எளிமையான பத்தியை நிமிஷத்துக்கு 30 வார்த்தை வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதினால் நிமிஷத்துக்கு 7 வார்த்தை, சொல்வதைக் கேட்டு எழுதினால் 5 வார்த்தை. எண்கள் 1 முதல் 100 வரை தெரிய வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல், கழித்தல் வேண்டும், பின்னம் வேண்டியதில்லை.

பிரிட்டனிலும் 2001-ல் பெரியவர்களின் எழுத்துக்கும் கணக்குக்கும் பாடத்திட்டம் வகுத்தார்கள். தொடக்க நிலையையே மூன்று படியாகப் பிரித்து, அதற்கு மேல் இரண்டு நிலைகள் வைத்தார்கள். ஒரேயடியாக மாடி ஏறச் சொல்லாமல், சின்னச் சின்னப் படியாக ஏற்றுவது போல.

இதில் நன்மை இருப்பதை நானே கண்டேன். என் வகுப்பில் ஒரு இளம் தாய் கடகடவென்று படிப்பாள். நல்ல மாணவி என்று நினைத்திருந்தேன். "பொருள் புரிந்து படித்தல்" என்ற இடத்துக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படித்ததில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழித்தாள். எழுத்துக் கூட்டுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. அந்த அளவுகோல் இல்லாவிட்டால் நான் அவளைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

அளவுகோலில் அகப்படாதது

இப்போது பூக்கார அக்காவுக்கு வருவோம். மாதிரித் தேர்வில் 240-160 என்று ஒரு கழித்தல் கொடுத்தேன். "நாலுல ஆறு போகாதே" என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டாள்.

தாளை மூடி வைத்துவிட்டு நான் கேட்டேன்: "அக்கா, கால் கிலோ மல்லி 150 ரூபாய், நூல் 10 ரூபாய். கட்டினால் எட்டு முழம். முழம் 30 ரூபாய்னு வித்தா என்ன நிக்கும்?"

"எம்பது ரூவா. இதுக்கு எதுக்கும்மா பென்சிலு?" என்றாள், கண் இமைப்பதற்குள்.

அதே கணக்குத்தான்! காலும் அரையும் முக்காலும் அவளுக்கு விரல் நுனியில். நூற்றுக்கு மூணு வட்டி என்றால் மாதம் எவ்வளவு என்று மனசிலேயே போட்டுவிடுவாள். பின்னம் வேண்டியதில்லை என்று பெரியவர்கள் தள்ளிவைத்த இடத்தில்தான் அவள் பிழைப்பே நடக்கிறது.

இது புவனகிரியில் மட்டும் நடக்கிற சங்கதியில்லை. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், தெருவில் பண்டம் விற்கும் சிறுவர்கள் ஐந்து பேரிடம் ஆராய்ச்சி செய்து 1985-ல் வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்குகளைப் பள்ளிக்கூட முறையில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 100-க்கு 37 தான் சரி. புத்தி அதேதான், கேட்ட விதம்தான் வேறு.

நான் செய்த தப்பு

தேர்வு நெருங்க நெருங்க நானும் ஒரு தப்பைச் செய்தேன். மாதிரித்தாளைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். "பஸ் போர்டு படிக்கக் கத்துக் குடு", "குழுக் கணக்கு நோட்டைப் பார்க்கச் சொல்லிக் குடு" என்று பெண்கள் கேட்டதையெல்லாம் "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டேன். அவர்கள் தேறவேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அந்த நூற்றி ஒண்ணு மாத்திரை என்னை உலுக்கிவிட்டது. 1 முதல் 100 வரை சொல்லிக் கொடுத்தேன். 1-0-1 என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கவில்லையே!

மறுநாளே முறையை மாற்றிக்கொண்டேன். பாதி நேரம் புத்தகம், பாதி நேரம் அவரவர் பையிலிருந்து எடுத்த காகிதம். மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், மின்சாரக் கட்டணச் சீட்டு. 240-160 ஐப் பூக்கணக்காகச் சொல்லிவிட்டுப் பிறகு தாளில் எழுதிக் காட்டினேன். "ஓ, இதைத்தான் இப்படிப் போடணுமா?" என்று பூக்கார அக்கா பிடித்துக்கொண்டாள். தேர்விலும் தேறிவிட்டாள். சான்றிதழைப் பேரனிடம் காட்டியது பெருமைதான். ஆனால், "இப்ப மாத்திரை மாறாதும்மா" என்று அவள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த மார்க்.

நீங்களும் செய்யலாம்

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவிகிதம். அதாவது நாலில் ஒரு பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் வீட்டு மாமியாரோ, பாத்திரம் துலக்க வருபவரோ, அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

மாத்திரைக்கு மூன்று சின்ன டப்பா வையுங்கள். காலை, மதியம், இரவு என்று எழுதி, பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டுங்கள். பார்த்துப் பார்த்தே எழுத்துப் பழகிவிடும். காலாவதித் தேதியைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கைக்குழந்தைக்காரிகள் மருந்தில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2.5 மில்லி என்பதில் நடுவே இருக்கிற புள்ளியைக் கவனிக்காமல் 25 என்று ஊற்றிவிட்டால் பத்து மடங்கு ஆகிவிடும். பாட்டியிடம் குழந்தையை விட்டுப்போகிறவர்கள், மருந்தோடு வரும் அளவு மூடியில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போங்கள்.

யாராவது உங்களிடம் "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று காகிதத்தை நீட்டினால், படித்துச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தையையாவது அவர் விரலை வைத்துப் படிக்கச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. நமக்கு அதில் என்ன நஷ்டம், சொல்லுங்கள்?