பீரங்கிக் குண்டு ஏன் விலகுகிறது?

தாராவியில் காலா கில்லா என்றால் நம்மவர்க்கு பஸ் டெப்போதான் நினைவுக்கு வரும். அருகே மறைந்து நிற்கும் சிறு கோட்டையை, பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் 1737இல் கட்டுவித்ததாக அதன் கல்வெட்டு சொல்கிறது. செம்பூரில் என்னிடம் கணக்கு படிக்கும் பையனை அங்கே கூட்டிப்போனேன். "சார், அதே பீரங்கி, அதே மருந்து, அதே குறி. குண்டு மட்டும் ஏன் ஒரே இடத்துல விழாது?" என்று கேட்டான்.

இதற்கு உருப்படியான விடை தேடியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். பீரங்கிக் கலை பற்றிய அவர் நூல் 1742இல் வந்தது. அந்நாளைய உருண்டைக் குண்டு குழாயைவிடச் சற்றே சிறியது. உள்ளே அங்குமிங்கும் முட்டிக்கொண்டு வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழன்றபடி வெளியேறும். சுழலும் குண்டைக் காற்று ஒருபுறம் தள்ளும். நம் மைதானத்துச் சுழற்பந்து போலத்தான். வெடிக்கு வெடி உரசல் வேறு, விலகலும் வேறு.

இதை நிரூபிக்க என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். வழியில் தொங்கிய காகிதத் திரைகளை இடப்பக்கமாகத் துளைத்த குண்டு, தொலைவுச் சுவரில் வலப்பக்கம் போய்ப் பட்டது! வளைவின் வலச்சுவரை ஒட்டி உருண்டதால் வந்த சுழற்சி அது. மாமேதை ஆய்லர் 1745இல் இந்நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தும் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. நியாயம் ராபின்ஸ் பக்கம்தான். கம்பெனிக் கோட்டைகளைச் சீர்செய்ய வந்த அவர், 1751இல் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

பின்னாளில் குழாய்க்குள் சுருள் பள்ளம் வெட்டி, குண்டை அதன் அச்சிலேயே சுழலவிட்டார்கள். சிதறல் குறைந்தது, போகவில்லை. குண்டுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி, எடைமையம் நடுவிலிருந்து விலகியிருப்பது, குழாயின் மயிரிழை வளைவு, மருந்தின் வெப்பம் எதுவும் இரண்டு வெடிக்கு ஒன்றுபோல் இராது. எந்த எல்லைக்குள், எவ்வளவு அடிக்கடி மாறும் என்றுதான் சொல்லலாம். கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, கணக்கிலேயே ஒரு குண்டைச் சுடும். வாயை விட்டு வரும்போது அதன் வேகம், மூக்குச் சாய்வு, ஆட்டம் எல்லாம் கிடைக்கும். இப்படியே ஆயிரக்கணக்கில். 1940களில் லாஸ் அலமாஸில் உலாமும் நியூமனும் வகுத்த மான்டி கார்லோ முறை இது. கணக்கு சரியா என்பதை, 1895 முதல் இயங்கும் ஒடிசாவின் சண்டிப்பூர் போன்ற தளங்களில் நிஜமாகவே சுட்டுத்தான் பார்க்கவேண்டும்.

1999இல் கார்கில் மலைகளில் நம் காலாட்படை மேலேறியபோது, போஃபர்ஸ் பீரங்கிகள் அதற்குத் துணையாகச் சுட்டன. அங்கே சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. குண்டு எவ்வளவு குறைவாக விழக்கூடும் என்பதைப் பொறுத்தே, நம் சிப்பாய் எவ்வளவு கிட்டே போகலாம் என்பது.

"அப்ப லட்சத்துல ஒண்ணு தப்பிச்சு வந்துட்டா?" என்றான் பையன்.

"அதுக்குத்தாண்டா, கணிப்பொறியில ஆயிரத்தோட நிறுத்தாம பல லட்சம் தடவை சுட்டுப் பாக்கறது."