ஒரே இன்ஜின், ரெண்டு ஹேண்டில்பார்: பைக் லோன் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

டூ-வீலர் லோன் பத்தி எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "சார், ஆர்15 எடுக்கலாமா, எம்டி-15 எடுக்கலாமா? இஎம்ஐ ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல." கேட்கிறவங்க வட்டி, டவுன் பேமென்ட், மைலேஜ் எல்லாம் எக்செல்ல போட்டு வச்சிருப்பாங்க. கையை எங்க வச்சு ஓட்டப்போறோம்ங்கிறதுக்கு மட்டும் அந்த ஷீட்டுல ஒரு காலம் இருக்காது. என்னைக் கேட்டா, முதல் காலமே அதுதான்.

ஆர்15-ம் எம்டி-15-ம் ஒரே 155 சிசி இன்ஜின் குடும்பம். ஒண்ணுல கை கீழே, முன்னாடி இருக்கும். அதைத்தான் கிளிப்-ஆன்னு சொல்றோம். இன்னொண்ணுல அகலமான ஒற்றைக் குழாய், நிமிர்ந்து உட்காரலாம். இதைவிடத் தெளிவான உதாரணம் சென்னையில தயாராகிற ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ம் கான்டினென்டல் ஜிடி 650-ம். 2018 நவம்பர்ல ரெண்டும் ஒரே நாள் இந்தியாவுல விற்பனைக்கு வந்துச்சு. அதே 648 சிசி ட்வின் இன்ஜின், அதே ஃப்ரேம். இன்டர்செப்டருக்கு உயரமான, அகலமான பார்; ஜிடி-க்கு கிளிப்-ஆன், கால் வைக்கிற இடமும் கொஞ்சம் பின்னாடி. அன்னைக்கு எக்ஸ்-ஷோரூம் விலை இன்டர்செப்டர் 2.50 லட்சத்துல தொடக்கம், ஜிடி 2.65 லட்சத்துல. டேங்க், சீட்டும் வேறதான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் குனிஞ்சு ஓட்டுறதுக்கு 15,000 ரூபாய் கூடன்னு நான் நண்பர்கள்கிட்ட கிண்டல் பண்றது உண்டு.

சரி, ஒரு குழாய் என்ன செய்யும்? ஸ்பேனர் நீளமா இருந்தா நட்டு சுலபமாத் திரும்பும் இல்லையா, அதே கதைதான். 800 மில்லிமீட்டர் அகலமான பார்னா, நடுவுல இருந்து உங்க கை 400 தூரத்துல இருக்கு. 640 அகலம்னா 320 தூரம். முதல்ல 10 கிலோ தள்ளினா நடக்கிற வேலைக்கு ரெண்டாவதுல 12.5 கிலோ தள்ளணும். கால்வாசி உழைப்பு கூடுது. வேகத்துல இடது பக்கம் திரும்ப இடது கையை லேசா முன்னாடி தள்ளித்தான் வண்டியைச் சாய்க்கிறோம்; தெரிஞ்சோ தெரியாமலோ எல்லாரும் அதைத்தான் பண்றோம். அதனால அகலமான பார் உள்ள வண்டி சொன்னவுடனே சாயும். ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது இந்த வித்தியாசம் தோள்பட்டையில தெரியும். கொல்லிமலையோட 70 வளைவுக்குப் போனா இன்னும் நல்லாவே தெரியும்.

ஆனா அகலம் இலவசம் இல்ல. அஸ்தம்பட்டி ரவுண்டானாவுல இருந்து அஞ்சு ரோடு வரைக்கும் சாயங்காலம் 6 மணிக்கு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல புகுந்து போறவங்களுக்கு ஒவ்வொரு இன்ச்சும் கணக்கு. நாமக்கல் ரோட்டுல லாரி உரசிட்டுப் போற மாதிரி தாண்டும்போது காத்து நம்ம உடம்பைத் தள்ளும். கையைப் பரப்பி இறுக்கிப் பிடிச்சிருந்தா அந்த ஆட்டம் அப்படியே ஸ்டியரிங்குக்குப் போயிடும்.

கிளிப்-ஆன் விஷயத்துல நியாயமாப் பேசணும். அது ஃபேஷனுக்காக வந்தது இல்ல. குனிஞ்சு உட்கார்ந்தா முன் டயர் மேல எடை கூடும், ரோட்டோட பிடிமானம் கையில தெரியும். காத்தோட எதிர்ப்பும் குறையும். வேகம் ரெண்டு மடங்கானா காத்து எதிர்ப்பு நாலு மடங்காகும். அதனால வேகமாப் போகும்போது காத்தே நெஞ்சைத் தாங்கி, உங்க எடையில ஒரு பங்கை ஏத்துக்கும், மணிக்கட்டு லேசாயிடும். பிரச்சனை என்னன்னா, நம்ம சேலத்துல ஆபீஸ் போறது 30 கிலோமீட்டர் வேகத்துல. அங்க தாங்க காத்து கிடையாது. மேல் உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில இறங்கும். கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு வேற ஓட்டணும். உள்ளங்கை வழியாப் போற நரம்பு அழுந்தினா விரல் மரத்துப்போகும். பகல் பூரா கீபோர்டு தட்டுற கைக்கு இது தேவையா? இன்னொண்ணு, ஏற்காடு ஏறும்போது சமாளிச்சிடுவீங்க. இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் மொத்த உடம்பும் மணிக்கட்டுல வந்து உட்காரும்.

இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். உதாரணத்துக்கு 1.8 லட்சம் எக்ஸ்-ஷோரூம் வண்டின்னு வச்சுக்குவோம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல விலை இருக்கிற புது டூ-வீலருக்கு ரோடு டாக்ஸ் 12%. அதாவது 21,600. ஒரு வருஷம் ஓட்டிட்டு "முதுகு வலிக்குது, மாத்திடலாம்"னு முடிவு பண்றீங்க. ஒரு வருஷம் தாண்டினா இன்சூரன்ஸ் கணக்குல ஐடிவி 20% குறையும், 36,000 போச்சு. மார்க்கெட்ல வாங்குறவர் அதைவிடக் குறைச்சும் கேட்பார். ரெண்டும் சேர்த்து 57,600, மாசத்துக்கு 4,800. 1.5 லட்சம் லோன், 11% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 4,911. அதாவது கிட்டத்தட்ட இன்னொரு இஎம்ஐ, எந்த பேங்க்குக்கும் கட்டாம, காத்துல கட்டியிருக்கீங்க. பன்னெண்டு இஎம்ஐ முடிஞ்சும் லோன் பாக்கி இன்னும் 1.05 லட்சம் இருக்கும். அடுத்த வண்டிக்கு ரோடு டாக்ஸ் முதல்ல இருந்து, தேய்மானமும் முதல்ல இருந்து. எட்டு வருஷம் வச்சு ஓட்டுறவருக்கு இதே நஷ்டம் பரவிக் கரைஞ்சிடும். அதனால டெஸ்ட் ரைடு ஷோரூம் வாசல்ல ரெண்டு நிமிஷம் சுத்துறதா இருக்கக் கூடாது. டிராஃபிக் நேரத்துல அரை மணி நேரம் கேளுங்க. கொடுக்கலைன்னா அதே வண்டி வச்சிருக்கிற நண்பரைப் பிடிங்க.

ஏற்கனவே வாங்கியாச்சா? பதறாதீங்க. முதல் வைத்தியத்துக்கு செலவே இல்ல. ஒற்றைக் குழாய் பார்னா கிளாம்ப்பைத் தளர்த்தி ஒரு சில டிகிரி முன்னாடியோ பின்னாடியோ திருப்பலாம். கிளட்ச், பிரேக் லீவரோட கோணத்தையும் மாத்தலாம்: சீட்ல சாதாரணமா உட்கார்ந்து விரலை நீட்டினா முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டுல வரணும். நிறைய பேருக்கு லீவர் மேல தூக்கி நிக்கும், அதனாலயே மணிக்கட்டு மடங்கி வலிக்கும். கிளிப்-ஆன்ல பாரைத் திருப்ப முடியாது, லீவரை மட்டும் சரி பண்ணலாம். போல்ட்டைச் சரியான அளவு டைட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட மட்டும் இதைச் செய்ங்க.

பார் மாத்தியே ஆகணும், இல்ல ரைஸர் போட்டு உயர்த்தணும்னா கேபிளைப் பாருங்க. உயரம் கூடினா ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக் ஹோஸ் மூணும் இழுபடும். மாத்தி முடிச்சதும் நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. சத்தம் தானா ஏறினா கேபிள் நீளம் பத்தலைன்னு அர்த்தம். யு-டர்ன்ல வண்டி தானாப் பாயும். அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டு வராதீங்க.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சி விவரங்கள் கம்பெனி முதல்ல கொடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லுச்சு. அதே வருஷத் திருத்தத்துல 182ஏ பிரிவு வந்து, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு ஆச்சு. ஹேண்டில்பார் ஆர்சியில எழுதுற சமாச்சாரம் இல்லதான். ஆனா ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதுல வாதாடுற நிலைமை எதுக்கு? கம்பெனியே அந்த மாடலுக்கு விற்கிற ஆக்சஸரியா இருந்தா அதை பில்லோட வாங்குங்க.

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஐடி தம்பி ஒருத்தர் கடையில பார் மாத்தினார், பில் வாங்கலை, இன்சூரன்ஸுக்கும் சொல்லலை. வண்டி சறுக்கி விழுந்தப்போ, "ஸ்டியரிங்கை மாத்தினதாலதான் விழுந்துச்சா"ங்கிற கேள்வியிலேயே ஓன் டேமேஜ் கிளெய்ம் மூணு மாசம் நின்னுச்சு. கடைசியில மத்த டேமேஜுக்குப் பணம் வந்துச்சு, அந்த பாருக்கு ஒரு பைசா வரலை. மாத்தின அன்னைக்கே பில்லையும் போட்டோவையும் இணைச்சு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்க, பாலிசியில சேர்த்ததா என்டார்ஸ்மென்ட் கேட்டு வாங்குங்க. கழட்டின பழைய பாரைக் கடையிலேயே விட்டுட்டு வராதீங்க. வண்டியை விற்கும்போது வாங்குறவர் அதைத்தான் முதல்ல கேட்பார்.