தம்பி குறை கூறிய நால்வர் இசை

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதற்கென்று ஐரோப்பியர் இயற்றும் உருப்படியை நால்வர் இசை எனலாம். இவ்வகையில் பீத்தோவனின் படைப்புகளை நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். ஃபானி ஹென்ஸல் என்னும் ஜெர்மானிய மாது 1834-இல் இயற்றியதைக் கேட்டவர் சிலரே. 1988-இல்தான் அது அச்சேறிற்று.

ஃபானி, புகழ்பெற்ற பீலிக்ஸ் மெண்டல்ஸோனின் தமக்கை. தம்பியின் தீர்ப்பைப் பெரிதும் மதித்தவர். தம்பியோ, சுருதி நிலைகொள்ளாமல் அலைகிறதென்று குறை கூறினார். அதன்பின் தமக்கை மற்றொரு நால்வர் இசை இயற்றவேயில்லை.

குறை மெய்தானா? நம் கச்சேரியில் தம்புரா எழுப்பும் ஷட்ஜம் இறுதிவரை மாறுவதில்லை. ஐரோப்பிய முறையிலோ ஆதார சுருதி இடையில் பெயரும். ஆயினும் புறப்பட்ட இடம் தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரியவேண்டுமென்பது அக்கால வழக்கு. ஃபானி விளம்ப காலத்தில் தொடங்கி, அவ்விடத்தைச் சற்று மறைத்தே வைக்கிறார். மூன்றாம் பகுதியான ரொமான்ஸில் இது இன்னும் மிகுதி. மெல்லிய பாட்டாக எழுவது, சுருதிக்குச் சுருதி தாவி, பதற்றமுற்று, பிறகே அடங்குகிறது. நமக்கு அது வழிதவறியதாகத் தோன்றவில்லை. நெடுநாள் சொல்லத் தயங்கியதை ஒருவர் சொல்லிவிட்டதுபோல் இருக்கிறது. கடைசிப் பகுதி வேகமும் உல்லாசமும் மிக்கது. முதல் தடவையிலேயே பிடித்துப்போகும்.

பிரான்ஸின் எபென் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஒலிப்பதிவில் பீலிக்ஸின் எஃப் மைனர் நால்வர் இசையும் உண்டு. 1847 மே மாதம் தமக்கை மறைந்த துயரில் அவர் இயற்றியது அது. ரொமான்ஸை இருமுறை கேட்டபின் அதனைக் கேட்கலாம். ஒழுங்கைப் போற்றிய தம்பி அங்கே அமைதியிழந்து கதறுகிறார். அவ்வாண்டு நவம்பரில் அவரும் காலமானார்.